வலிக்கு எத்தனை மார்க்

ஜூலை 1, செவ்வாய்

இந்த டைரி என் பேத்தி சுபாஷினி கொடுத்தது. மருந்துக் கம்பெனிக்காரன் அவளுக்குச் சும்மா கொடுத்தானாம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு மாத்திரையின் படமும் அது தீர்க்கும் நோயின் பெயரும் இருக்கின்றன. இன்றைய பக்கத்துக்கு மலச்சிக்கல். நான் எழுதுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டைக்கு வெளியே வயலைப் பார்த்திருக்கும் இந்த 'இளைப்பாறுதல் இல்ல'த்துக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. இங்கே வருகிறவர்கள் வீடு திரும்புவதில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். எனக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். மகன் வீட்டில் மாடிப்படி ஏற முடியவில்லை. ஏற முடிந்ததும் போய்விடுவேன்.

பேத்தி டாக்டர். அதற்கும் மேலே ஒரு படிப்புப் படிக்கிறாள். அதற்கு ஓர் ஆராய்ச்சி செய்து புத்தகமாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்த ஆராய்ச்சி இந்த இல்லத்தில்தான், நாளை மறுநாள் தொடங்குகிறது. எங்கள் குடும்பத்தில் நான்தான் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். இவள் எத்தனையாவது வகுப்பு என்று எண்ணுவதற்கே எனக்கு இரண்டு கை போதாது.

காலையில் வந்தவள் கதவைப் பார்த்துக்கொண்டே காதோடு சொன்னாள்.

"ஆச்சி, நான் ஒங்க பேத்தின்னு இங்க யார்ட்டயும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா எனக்காவ மாத்திச் சொல்லிருவாங்க. ஆராய்ச்சியே தப்பாப் போயிரும்."

"நான் யார்ட்டட்டி சொல்லப் போறேன்?" என்றேன்.

சாயங்காலம் பக்கத்துக் கட்டில் பேச்சியம்மாளிடம் மட்டும் சொன்னேன். பக்கத்துக் கட்டில் கணக்கில் வராது.

ஜூலை 2, புதன்

நர்ஸ் ஜெபசெல்வியிடம் சொன்னேன். ஆண்கள் வார்டில் இருக்கும் செல்லத்துரை சாரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், படிப்பின் அருமை தெரிந்தவர். பால்காரர் அவராகவே தெரிந்துகொண்டார்.

ஜூலை 3, வியாழன்

சுபாவின் பேராசிரியர் ரத்னவேல் வந்தார். எங்களையெல்லாம் கூடத்தில் உட்காரவைத்தார்கள். உட்கார முடியாதவர்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். கையில் மைக் பிடித்தால்தான் அவருக்குப் பேச்சு வருகிறது.

அவர் சொன்னது இவ்வளவுதான். வலிக்கு மருந்து மட்டும் போதாது, சங்கீதமும் வேண்டும். பாதிப் பேருக்குத் தினம் காலையில் அரை மணி நேரம் காதில் புல்லாங்குழல் வைப்பார்கள். மீதிப் பேர் சும்மா படுத்திருக்க வேண்டும். பத்து மணிக்கு சுபா வந்து எல்லாரிடமும் வலி எவ்வளவு என்று கேட்பாள். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மார்ஃபின் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். குழல் கேட்டவர்களுக்கு மாத்திரை குறைந்தால் ஆராய்ச்சி ஜெயித்தது.

"பத்துன்னா எப்படி சார் இருக்கும்?" என்று பேச்சி கேட்டாள். ஐம்பது வருடம் பீடி சுற்றிய கை அவளுடையது. சும்மா இருக்கும்போதும் விரல்கள் இலையை உருட்டிக்கொண்டிருக்கும்.

"உங்களால கற்பனை செய்ய முடிந்த உச்சபட்ச வலி."

"கற்பனயா" என்று பேச்சி யோசித்தாள். "அஞ்சு பெத்தவ. மூணாவது காலு முன்னால வந்துச்சு. கற்பனைக்கு எங்க சார் நேரம்?"

பேராசிரியர் மைக்கை அணைத்துவிட்டார்.

யாருக்குக் குழல், யாருக்கு இல்லை என்பதற்கு ஒட்டிய உறைகள். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது போலத்தான். பேச்சி உறையைக் கண்ணில் ஒற்றி, பேச்சியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பிரித்தாள். குழல் வந்தது. அம்மன் சொல்லிவிட்டாள் என்று அவளுக்கு ஒரே பெருமை.

எனக்கு உறை இல்லை. ஆராய்ச்சி செய்கிறவளின் உறவு சேரக் கூடாதாம். பேராசிரியருக்கு நான் யார் என்று தெரியாது. சுபா ஏதோ காரணம் எழுதி என் பேரை விட்டுவிட்டாள். கல்யாண வீட்டுப் பந்தியில் ஊரையெல்லாம் உட்காரவைத்துவிட்டுப் பெண்ணின் ஆச்சியை மட்டும் எழுப்பி விட்டது போல இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

உறை எடுத்த முப்பது பேரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் பதினொரு பேர்தான் போட்டார்கள். சுபா முகம் வாடிப்போய்க் கல்லூரிக்குப் போனாள்.

மத்தியானம் எனக்குப் பொழுது போகவில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டில் கட்டிலாக அந்தத் தாளை வாசித்துக் காட்டினேன். தமிழில்தான் இருந்தது. 'இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்பது எவ்வித வற்புறுத்தலுமின்றித் தங்கள் தன்விருப்பின்பாற்பட்டதாகும்.' இதை எழுதியவன் வீட்டில் எப்படிச் சோறு கேட்பான் என்று தெரியவில்லை.

"என்னக்கா சொல்லுதாவ?" என்று பேச்சி கேட்டாள்.

"யாரும் ஒன்னய வற்புறுத்தலன்னு எழுதியிருக்கு. போடு கையெழுத்த."

'எப்போது வேண்டுமானாலும் காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம்' என்ற இடத்தில் செல்லத்துரை சார் கையை உயர்த்தினார். "அதுக்குத்தானம்மா இங்க வந்து படுத்திருக்கோம்."

மாலைக்குள் முப்பதும் சேர்ந்துவிட்டது. நான் வாசித்தேன், அவ்வளவுதான். நடுவில் பிள்ளை மூன்று வருடமாகத் தூங்காமல் படிப்பதையும் ஒரு வார்த்தை சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

குழல் நாலு நாளாக ஓடுகிறது. காதில் மாட்டுகிற சாமானை ஜெபசெல்வி மாட்டிவிட்டுப் போனதும், குழல் கிடைத்தவர்கள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்தவர் பார்த்திருக்கத் தான் மட்டும் தின்பதா என்கிற வளர்ப்பு. உறைக்குள் ஆண்டவன் போட்டதை இவர்கள் பந்தியில் சமமாக்கிவிட்டார்கள். சுபாவிடம் நான் சொல்லவில்லை. நல்ல பழக்கத்தைப் போய்க் கோள் சொல்வானேன்.

எண்களெல்லாம் நன்றாக வருகின்றன. நாலு, மூன்று, இரண்டு. செல்லத்துரை சார் ஒன்றுக்கு மேல் சொல்வதில்லை.

"நாப்பது வருசம் மார்க்குப் போட்டவம்மா நான்" என்றார் என்னிடம். "எந்தப் பிள்ளையையும் ஃபெயில் ஆக்கினது கெடையாது. இப்பமா ஆக்கப் போறேன்?"

அவர் சட்டை முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. ஃபேன் சரியாகச் சுற்றுவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

ஏழாம் கட்டில் சொர்ணத்தாய் காலையில் போய்விட்டாள். வாயில் பால் விட மகள் வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது. ஆராய்ச்சித் தாளில் அவள் பேருக்கு நேரே 'முழுமையாக நிறைவு செய்யவில்லை' என்று எழுதினார்கள். வீட்டுப்பாடம் முடிக்காமல் போய்விட்டாள், பாவம்.

ஜூலை 11, வெள்ளி

பேராசிரியர் மறுபடி வந்தார். சுபாவின் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சிங்கப்பூரில் ஒரு மாநாடாம், அங்கே இதைப் படிக்கப் போகிறாராம். எங்கள் வலி பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. எங்களுக்குத்தான் வாசல் வரைக்கும் போக வாக்கர் வேண்டியிருக்கிறது.

பேச்சி கட்டிலருகே நின்று, "எக்ஸலண்ட். ஏழு நாளா ரெண்டைத் தாண்டல. டோஸைப் பாதியாக்குங்க" என்றார். பேச்சி படுத்தபடியே கும்பிட்டாள்.

சுபாவைத் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் என் கட்டிலில் இருந்தே பார்த்தேன். இடுப்பை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 12, சனி

பேச்சி கஞ்சி குடிக்கவில்லை. உப்பு இல்லையாம். எனக்கு உப்பு இருந்தது.

ஜூலை 14, திங்கள்

பேச்சியின் போர்வை மூலை நைந்து நூல் நூலாகத் தொங்குகிறது. இங்கே துவைக்கிற சோப்பு சரியில்லை.

பத்து மணிக்கு சுபா கேட்டாள். "ரெண்டும்மா" என்றாள் பேச்சி. சொல்வதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டாள். சுபா அடுத்த கட்டிலுக்குப் போன பிறகுதான் விட்டாள். அவள் விரல்கள் இலை உருட்டவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்தன.

சுபா தாளைப் பார்த்து எழுதினாள். தாளைப் பார்த்து எழுதுவதுதான் முறையாம்.

ஜூலை 15, செவ்வாய்

எனக்கும் இன்று சரியாக இல்லை. இரண்டு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆடிக்காற்று உடம்புக்கு ஆகாது. ஆடி பிறக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, ஆனாலும் காற்று.

ஜூலை 16, புதன்

எழுதிவிடுகிறேன்.

காலையில் குழல் போட்டிருந்த நேரம். பேச்சி கண்ணை மூடியிருந்தாள். சங்கீதத்தில் சொக்கியிருக்கிறாள் என்று கூட்டிப் பெருக்குகிற பெண் சொல்லிவிட்டுப் போனாள். போர்வை மூலை அவள் வாயில் இருந்தது. கடித்த இடத்தில் ரத்தம்.

நான் எழுந்து போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி பேச்சி, எத்தன?"

"ரெண்டுக்கா."

"என்ட்ட சொல்லுட்டி."

"ரெண்டுதான்."

"சவமே, வாயில ரத்தம் வருது. ரெண்டாம் ரெண்டு. டாக்டரு வந்தா ஒம்போதுன்னு சொல்லு. மாத்திரயக் கூட்டித் தருவாவ."

அவள் கண்ணைத் திறந்தாள். "நீதானக்கா சொன்ன. நம்பரு கூடிச்சின்னா புள்ளைக்குப் படிப்பு நின்னு போவும்னு. திரும்ப மூணு வருசம் படிக்கணும், அதுக்குள்ள வயசாயிரும், எவன் கட்டுவான்னு அழுதியல்லா."

அழவில்லை. கண்ணில் தூசி விழுந்திருந்தது.

"எனக்கு எத்தன நாளு கெடக்கு?" என்றாள். "என் புள்ளையளப் படிக்கவைக்க எனக்குக் குடுத்து வைக்கல. ஒன் பேத்தியாவது படிக்கட்டும். பத்து நாளு பல்லக் கடிச்சா முடிஞ்சி போச்சி."

முப்பது கட்டிலிலும் நான் சொன்னது அதுதான். முதல் தேதியில் இருந்து இந்த டைரியில் எழுதாமல் விட்டதும் அதுதான். வாசித்துக் காட்டினேன் என்று எழுதினேன். வாசித்தது கால் பங்கு.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. பேராசிரியர் சுபாவோடும் இன்னும் நாலு டாக்டர் பிள்ளைகளோடும் ரவுண்ட்ஸ் வந்தார். நான் வாக்கரைக் குறுக்கே போட்டு நின்றேன்.

"டாக்டர், இந்த எண்ணெல்லாம் பொய். பேச்சிக்கு மாத்திரையக் கூட்டுங்க."

"நீங்க யாரும்மா?"

சுபா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைக்கவில்லை. அசைத்திருந்தால் நான் நின்றிருப்பேனா என்று தெரியவில்லை. அது இனி தெரியவேண்டியதும் இல்லை.

"இவளோட ஆச்சி. பேத்தி பாஸாகணும்னு எல்லாரையும் கொறச்சுச் சொல்ல வெச்சது நான். அவளுக்குத் தெரியாது."

பேராசிரியர் சிரித்தார். சின்னப் பிள்ளையிடம் சிரிப்பது போல. "பாட்டி, வலிங்கறது நோயாளி தானே சொல்றதுதான். மூணாவது ஆள் சொல்றத நாங்க எடுத்துக்க முடியாது. நீங்க ஆராய்ச்சியிலேயே இல்லையே."

பிறகு குனிந்து, "என்னம்மா, வலி எத்தனை?" என்று பேச்சியிடம் கேட்டார்.

"ரெண்டு சார்" என்றாள் பேச்சி.

"பாத்தீங்களா?" என்றார் என்னிடம்.

நான் ஆராய்ச்சியில் இல்லை. பேச்சி இருக்கிறாள், ஆனால் அவளிடமிருந்து அவர்களுக்கு வேண்டியது எண் மட்டும்தான். வாயோரம் காய்ந்திருந்த ரத்தத்துக்குத் தாளில் கட்டம் இல்லை.

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நாலு பிள்ளைகளும் நகர்ந்தார்கள். சுபா நகரவில்லை. தாளை மூடிப் பேச்சியின் காலடியில் வைத்தாள். பேச்சியின் கையைக் கட்டில் கம்பியில் இருந்து பிரித்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"சிஸ்டர், இவங்களுக்குப் பழைய டோஸ். இப்பமே."

"நம்பர் என்னன்னு எழுத டாக்டர்?" என்றாள் ஜெபசெல்வி.

"நம்பர் வேண்டாம்."

"டாக்டர் சுபாஷினி" என்று பேராசிரியர் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. என் பேத்திதான், சந்தேகமே இல்லை.

ஜூலை 18, வெள்ளி

சுபா வந்தாள். உட்காரவில்லை.

"யார்ட்டல்லாம் சொன்னீங்க?"

"பேச்சிட்ட."

"பொறவு?"

"ஜெபசெல்வி. செல்லத்துரை சாரு. சொர்ணத்தாயி."

"பொறவு?"

"யார்ட்ட சொல்லலன்னு கேளு. சீக்கிரம் முடியும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் கேட்டப்ப எல்லாம் அவங்க பல்லக் கடிச்சுட்டு இருந்திருக்காங்க ஆச்சி. நான் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். பதிமூணு நாளு. நல்லா வருது, நல்லா வருதுன்னு எனக்குச் சந்தோசம்."

"ஒனக்குத் தெரியாதுல்லாட்டி."

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறதாம், அதற்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறாளாம். புது ஆராய்ச்சி, புது விஷயம், படிப்பு ஒரு வருடம் தள்ளிப் போகும். பேராசிரியர் எழுத வேண்டாம் என்கிறாராம். பேச்சி ஒருத்தியின் எண்ணை மட்டும் எடுத்துவிட்டால் போதும், மீதி இருபத்தெட்டு பேரை வைத்து ஒப்பேற்றலாமாம். சிங்கப்பூர் டிக்கெட் போட்டாயிற்று போல.

"எழுதாதே" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் வாயில் வந்ததை நான் சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை.

ஜூலை 22, செவ்வாய்

நெறிமுறைக் குழு வந்தது. மூன்று பேர். ஏ.சி. இல்லாத அறையில் உட்கார முடியாது என்று இல்லத்து டைரக்டரின் அறையில் உட்கார்ந்தார்கள். கையெழுத்துகளில் தேதி இருக்கிறதா, கைநாட்டுக்குச் சாட்சி யார், காதில் மாட்டுகிற சாமானை ஒவ்வொருவருக்கும் துடைத்தீர்களா என்று கேட்டார்கள். துடைத்தோம் என்றாள் ஜெபசெல்வி. காது காதாகக் கைமாறியது தெரிந்திருந்தால் மயக்கமே போட்டிருப்பார்கள்.

பேச்சியைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அவள் கட்டில் அந்த அறையில் இருந்து பதினெட்டு காலடித் தூரம். வாக்கரோடு நான் எண்ணியிருக்கிறேன்.

ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தாளை ஜெபசெல்வி வாசித்துக் காட்டினாள். 'ஆய்வுடன் தொடர்பற்ற நபர் ஒருவரால் பங்கேற்பாளர்கள் மீது முறையற்ற செல்வாக்குச் செலுத்தப்பட்டுள்ளது.' அந்த நபர் நான்தான். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இதற்கு முன் செல்வாக்கு இருந்ததாக எவரும் எழுதிக் கொடுத்ததில்லை.

ஜூலை 24, வியாழன்

சுபா வரவில்லை. ஆறு நாள்.

ஜூலை 28, திங்கள்

பேச்சி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ஏசுகிறாள். வலி குறைந்ததும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வாய் திறந்துகொண்டது. ஆராய்ச்சியில் சேர்ந்த மற்றவர்களும் இப்போது உள்ளதைச் சொல்கிறார்கள். செல்லத்துரை சார் மட்டும் கூச்சப்பட்டு ஐந்து என்றாராம். ஜெபசெல்வி அதட்டியதும் எட்டு என்றாராம்.

"அந்தக் கொழலு ஊதுனவன் யாருக்கா?" என்றாள் பேச்சி. "அவன் வாயில கொள்ளிய வைக்க. ஒரு மனுசி சாவக் கெடக்கா, காதுக்குள்ள வந்து பீப்பீங்கான்."

"ஒன் அம்மன்தான எடுத்துக் குடுத்தா."

"அவளையும் சேத்துத்தான் வையுதேன்."

பத்து மணிக்கு சுபா வந்தாள். கையில் தாள் இல்லை. பேச்சியிடம் போய் நாடியைப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லிப் புண்ணைப் பார்த்தாள். பேச்சி அவள் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடக்கு முறித்தாள். "நம்மளால ஒரு வருசம் போச்சே டாக்டரம்மா" என்றாள். "போவட்டும்" என்றாள் சுபா.

பிறகு என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு பக்கம் பார்க்க வேண்டியதாயிற்று.

"முப்பது பேர்ட்ட கேட்டிருக்கேன்" என்றாள். "ஒங்ககிட்ட ஒருநாளும் கேக்கல்ல ஆச்சி. ஒங்களுக்கு எத்தன?"

"எனக்கென்ன, இடுப்புல ஒரு பிடிப்பு. ரெண்டு போட்டுக்கோ."

"பொய்யி" என்றது பக்கத்துக் கட்டில். பேச்சி சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். "எட்டு. குறுக்க முறிச்சி முறிச்சிப் படுக்கத நான் பாத்துட்டுத்தான கெடக்கேன். ஒன் ஆச்சி வந்த நாளையிலருந்தே எட்டு. எழுதிக்கோ."

பேச்சிக்கு எப்போதுமே வாய் அதிகம். மூன்றாவது ஆள் சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பேராசிரியரே சொல்லியிருக்கிறார்.

சுபா என் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

எட்டெல்லாம் இல்லை என்றேன். ஏழு.